குறியும் மறைவும்

பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்குச் சொற்களோடு மல்லாடுவது அன்றாட வழக்கம். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றார். அவரைப் பற்றி நம் பேத்தி, சங்கத்தின் கையெழுத்து ஏட்டுக்கு ஒரு கட்டுரை எழுதினாள். அதில் அவரை ‘ஸ்னைப்பர்’ என்று குறித்திருந்தாள். “குறி தப்பாமல் சுடுகிறவர்தானே, தாத்தா?” என்றாள். பிழை என்று உணர்ந்தோம். ஏன் பிழை என்று உடனே சொல்ல இயலவில்லை.

ஆங்கிலத்தில் ‘மார்க்ஸ்மேன்’, ‘ஸ்னைப்பர்’ என இரு சொற்கள் உள. இரண்டையும் ‘குறிபார்த்துச் சுடுபவர்’ என்றே நாம் பெயர்த்துவிடுகிறோம். முன்னதில் ‘மார்க்’ என்பது குறி. குறியை அடிக்கும் திறன் ஒன்றையே அச்சொல் பேசுகிறது. இன்றைய படைகளில் மார்க்ஸ்மேன் தம் குழுவினரோடு சேர்ந்தே சென்று, மற்றவர்க்கு எட்டாத தொலைவிலுள்ள இலக்கைச் சுடுகிறார். ஸ்னைப்பரோ குழுவினின்று விலகி, பெரும்பாலும் இலக்கை நோக்கிச் சொல்லும் துணைவர் ஒருவரோடு, புல்லும் புதரும் போன்ற உடை பூண்டு, மணிக்கணக்கில் அசைவற்றுக் கிடக்கிறார்.

இச்சொல்லின் பிறப்பு நம் நாட்டோடு தொடர்புடையது. ‘ஸ்னைப்’ என்பது தமிழில் உள்ளான். பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வந்து, ஈர வயல்களில் இரை தேடும் பறவை. சேற்றோடும் புல்லோடும் ஒன்றிய நிறம் உடையது. காலடி நெருங்கும்வரை அசையாது. பின் திடீரென எழுந்து வளைந்து வளைந்து பறக்கும். அதனை வீழ்த்துதல் அரிது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகளிடையே இவ்வேட்டையைக் குறித்து வழங்கிய சொல்லே, பிற்காலத்தில் மறைந்து சுடும் போர்வீரனுக்கு ஆயிற்று. அன்று மறைந்திருந்தது பறவை. இன்று மறைந்திருப்பவன் வேடன்!

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. பாஞ்சாலியின் சுயம்வரத்தில் அருச்சுனன் இலக்கை வீழ்த்தியது அவையோர் காண. கிட்கிந்தையில் இராமனின் குறியும் தப்பவில்லை. ஆயினும் மறைந்து நின்று எய்தது முறையோ என வாலி தொடுத்த வினா, பட்டிமன்றங்களில் இன்றும் ஓயவில்லை. வாலி குறை கண்டது வில்லின் திறத்திலன்று. வில்லாளி நின்ற இடத்தில்.

மறைந்து சுடும் படைவீரரை இழித்துரைப்பது நம் நோக்கமன்று. போர்க்களத்தில் அது அவர்தம் கடமை. உயிரைப் பணயம் வைத்துச் செய்வது. ஆனால் பலர் கண்முன் நிமிர்ந்து நின்று, வட்ட இலக்கை நோக்கும் பெண்ணுக்கு அப்பெயர் பொருந்துமா?

பேத்தி அதனை அடித்துவிட்டு, ‘துப்பாக்கி சுடும் வீராங்கனை’ என்று எழுதினாள். “ஒரு சொல்லுக்கு இத்தனை பேச்சா?” என்று சிரித்தாள்.

ஒருவரைப் போற்றப் புகுந்து, அவரை வேறொருவராக்கிவிடக் கூடாதல்லவா அம்மா என்றோம்.