கடைசி வரை கூட இருந்தவர்

நான் படித்த ஒரு உண்மைச் சம்பவத்தை எழுதுகிறேன்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டின் தலைநகரம் கம்பாலா. அதன் சர்வதேச விமான நிலையம் சுமார் 40 கி.மீ. தள்ளி எண்டபி என்ற ஊரில், விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கிறது. அட்லஸில் பாருங்கள், பூமத்திய ரேகை பக்கத்திலேயே போகும். எண்டபி என்றால் அவர்கள் மொழியில் 'இருக்கை' என்று அர்த்தமாம்.

1976 ஜூன் 27-ல் பாரிசுக்குப் போன ஒரு பிரெஞ்சு விமானத்தை 4 பேர் கடத்தினார்கள். மறுநாள் அது எண்டபியில் இறங்கியது. அப்போது உகாண்டாவை ஆண்ட இடி அமீன் கடத்தியவர்கள் பக்கம் இருந்தார். பயணிகளைப் பழைய கட்டடத்தில் அடைத்து வைத்தார்கள். பிறகு இஸ்ரேல்காரர்களைத் தனியாகப் பிரித்துவிட்டு, மற்ற பெரும்பாலோரை விடுதலை செய்தார்கள். விமானி மிஷேல் பாக்கோசும் அவருடைய ஊழியர்களும்கூட போயிருக்கலாம். ஆனால் அவர், பயணிகள் என் பொறுப்பு, விட்டுட்டுப் போக மாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஊழியர்கள் எல்லோரும் அவருடனே இருந்தார்கள்.

ஜூலை 3 நள்ளிரவு இஸ்ரேல் வீரர்கள் சுமார் 4,000 கி.மீ. பறந்து வந்து 102 பேரை மீட்டார்கள். சண்டையில் பயணிகள் 3 பேர் இறந்தார்கள். கம்பாலா ஆஸ்பத்திரியில் இருந்த டோரா பிளாக் என்ற பாட்டியைப் பிறகு கொன்றுவிட்டார்கள். உகாண்டா வீரர்களும் பலர் இறந்தார்கள். அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பார்கள்தானே?

இதைப் படித்ததும் எனக்கு ஏன் அழுகை வந்தது என்று சொல்கிறேன். போன மாதம் பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புத் தங்கச்சியை நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸில் ஒரே கூட்டம். நான் முண்டியடித்து ஏறி ஸீட்டும் பிடித்துவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவள் கீழேயே நிற்கிறாள். பஸ் கிளம்பிவிட்டது. "நிறுத்துங்கண்ணா" என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். ஸீட்டு போய்விடுமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

அவள் இருட்டிய பிறகு நடந்தே வந்து சேர்ந்தாள். அவங்க அம்மா திட்டவில்லை. "நீ கூட இருக்கேன்னுதாம்மா நம்பி விட்டேன்" என்று மட்டும் சொன்னார்கள். கூட்டத்தில் அவளைக் கவனிக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

பாக்கோஸ் 2019-ல் தன் 94-ஆம் வயதில் இறந்தார். அவரைப் பற்றிப் படித்த அன்று சாயங்காலமே அந்த அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மறுநாள் காலையில் தங்கச்சியை மறுபடியும் என்னோடுதான் அனுப்பினார்கள். இப்போது அவள் ஏறிய பிறகுதான் நான் ஏறுகிறேன். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் போகிறேன். கால் வலிக்கிறது, மனசு வலிக்கவில்லை.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி