இடுப்பில் கட்டிய கயிறு

1963 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. தென் ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டுக்குத் தெற்கே ஆல்டிங்கா கடற்கரை. மாநில ஈட்டி மீன்பிடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. ராட்னி ஃபாக்ஸுக்கு வயது 23. இன்ஷூரன்ஸ் பாலிசி விற்பது பிழைப்பு. ஆனால் அந்தக் கடலோரத்தில் அவரை எல்லோருக்கும் தெரிந்தது ஏற்கெனவே பட்டம் வென்றவர் என்றுதான். இந்த முறையும் விட்டுக்கொடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை.

காற்று உருளை கிடையாது. ஒரே மூச்சு. அதை அடக்கிக்கொண்டு இறங்கி, பாறை இடுக்கில் மீனைத் தேடி, ரப்பர் பட்டையை இழுத்துப் பூட்டிய துப்பாக்கியால் ஈட்டியை எய்து, மூச்சு தீருமுன் மேலே வந்துவிட வேண்டும். மொத்த எடை, எத்தனை வகை மீன் என்ற இரண்டையும் பார்த்துத்தான் வெற்றி. அதனால் ஒருவர் மணிக்கணக்கில் கடலில் கிடப்பார். கரை வெகு தூரம். ஒவ்வொரு மீனுக்கும் கரைக்குப் போய் வந்தால் போட்டி முடிந்துவிடும். எனவே வீரர்கள் ஓர் எளிய ஏற்பாடு வைத்திருந்தார்கள். சின்ன மிதவை ஒன்று. பிடித்த மீன்களை அதில் கோத்துவிடுவது. மிதவையிலிருந்து வரும் நீண்ட கயிற்றின் மறுநுனி வீரரின் இடுப்பில், ஈயக் குண்டுகள் கோத்த பெல்ட்டில். வீரர் போகுமிடமெல்லாம் மிதவையும் கூடவே வரும். மீன்களின் ரத்தமும் கூடவே வரும்.

ஃபாக்ஸ் ஒரு பெரிய மீனைக் குறிவைத்து நெருங்கிக்கொண்டிருந்தார். ஈட்டியை விடுவதற்குள் இடது பக்கத்தில் ரயில் மோதியதுபோல் ஓர் இடி. துப்பாக்கி கையிலிருந்து பறந்தது. முகக் கண்ணாடி கழன்றது. வெள்ளைச் சுறா அவரது மார்பையும் முதுகையும் சேர்த்துக் கவ்வியிருந்தது. அவர் விரல்களால் அதன் கண்ணைத் தேடிக் குத்தினார். பிடி தளர்ந்தது. தள்ளிவிட நீட்டிய கை அதன் வாய்க்குள் போய், பற்களில் கிழிந்து திரும்பியது. காற்றுக்காக மேலே வந்தார். சுறாவும் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய இடம். இரண்டாம் முறை வந்த சுறா ஃபாக்ஸைக் கடிக்கவில்லை. மீன் கோத்த மிதவையை விழுங்கிவிட்டுக் கீழே பாய்ந்தது. கயிறு விறைத்தது. கயிற்றின் மறுநுனியில் இருந்தவர் தரதரவென்று ஆழத்துக்கு இழுபட்டார். பெல்ட்டை அவிழ்த்தால் போதும். ஒரே இழுப்பில் கழலும் கொக்கிதான் அது. ஆனால் போராட்டத்தில் பெல்ட் சுழன்று கொக்கி முதுகுப் பக்கம் போயிருந்தது. தேடிய கைக்கு அகப்படவில்லை. சுறாவின் வாயிலிருந்து தப்பியவர் தன் மீன்களைக் கட்டிய கயிற்றால் சாகவிருந்தார். எப்படியோ கயிறு அறுந்தது. அவர் மேலே மிதந்தபோது அருகில் ஒரு படகு இருந்தது. நூற்றுக்கணக்கான தையல்கள் போட வேண்டியிருந்தது. விலா எலும்புகள் நொறுங்கி, நுரையீரல் கிழிந்திருந்தது. இறுக்கமான ரப்பர் உடைதான் உடம்பைச் சிதறாமல் கட்டிப்பிடித்து வைத்திருந்தது.

அந்தக் கடலுக்கு இது முதல் எச்சரிக்கையும் அல்ல. இதே ஆல்டிங்காவில் 1961-ல் பிரையன் ராட்ஜர் என்ற ஈட்டி வீரர் சுறாவிடம் கால் கிழிபட்டு, துப்பாக்கியின் ரப்பரையே காலில் இறுக்கிக் கட்டி உயிர் தப்பினார். 1962 டிசம்பரில் அதே கடலோரத்தில் ஈட்டியோடு இறங்கிய 16 வயதுப் பையன் திரும்பி வரவில்லை. அப்படியிருந்தும் அடுத்த ஆண்டு போட்டி நடந்தது, மிதவைகள் மிதந்தன. விளையாட்டுக்காரர்களின் மனசு அப்படி.

மீனைக் குத்தும் கலையைப் பற்றி ஈட்டிக்காரர்கள் விடிய விடியப் பேசுவார்கள். குத்திய பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஆனால் ஆபத்தெல்லாம் குவிந்திருப்பது அந்தச் சில நிமிடங்களில்தான். ஈட்டி பாய்ந்த மீன் துடிக்கிறது. தண்ணீரில் ஒலி, காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் அதிக வேகத்தில் செல்லும். காயம்பட்ட மீனின் துடிப்பு தாழ்ந்த அதிர்வாகப் பரவும்போது, சுறாவுக்கு அது சாப்பாட்டு மணி. வெகு தொலைவிலிருந்தே அது கேட்டுவிடும். உடம்பின் இருபக்கமும் ஓடும் உணர்வுக் கோடு கிட்டத்து அசைவைச் சொல்லும். ரத்தத்தின் வாசனை மிச்ச வழியைக் காட்டும். ஆக, முதல் வேலை துடிப்பை நிறுத்துவது.

அனுபவசாலி இப்படிச் செய்கிறார்: ஈட்டியோடு மீனைத் தன் பக்கம் இழுத்து, செவுளுக்குள் கைவிட்டு இறுகப் பிடிக்கிறார். மறுகையில் குறுங்கத்தி. கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேல்புறமாக, மூளை இருக்கும் இடத்தில் ஒரே குத்து. மீன் ஒருமுறை விறைத்துத் துடுப்புகளை விரித்து அடங்கிவிடும். ஜப்பானிய மீனவர்கள் இதை இகெ ஜிமெ என்று பெரிய சாஸ்திரமாகவே வைத்திருக்கிறார்கள். மீனுக்கு வேதனை குறைகிறது, கறியும் கெடாமல் சுவையாக இருக்கிறது. கத்தி எப்போதும் தன் கையிலிருந்து விலகிப் போகும்படி குத்த வேண்டும். அலையில் ஆடிக்கொண்டு மீனைத் தொடையில் வைத்துக் குத்தித் தன் தொடையையே கிழித்துக்கொண்டவர்கள் உண்டு.

எந்த மீன் என்று பார்த்துத்தான் கை வைக்க வேண்டும். களவாயின் செவுள் மூடியில் முள் இருக்கும். ஒரா மீனின் முதுகுத் துடுப்பு முள்ளில் விஷம், குத்தினால் மணிக்கணக்கில் கடுக்கும். சீலா மீனின் பல்லைச் சொல்லவே வேண்டாம், செத்த பிறகும் கிழிக்கும். திருக்கையின் வாலை மறந்தவர் ஒருமுறைதான் மறப்பார்.

பெரிய பாரை மாதிரி மீனானால் கதையே வேறு. ஈட்டி பட்டதும் அது பாறைக்குள் புகுந்துகொள்ளும், அல்லது ஆழத்துக்குப் பாயும். கூடவே தொங்குவது முட்டாள்தனம். இதற்காகத்தான் ஈட்டியிலிருந்து மேலே மிதவை வரை நீண்ட கயிறு வைப்பது. துப்பாக்கியை விட்டுவிடலாம். மேலே வந்து, வயிறு நிறையக் காற்று வாங்கிக்கொண்டு, மிதவையைப் பிடித்து மீனோடு மல்லுக்கட்டலாம். மீன் மிதவையோடு மல்லுக்கட்டிக் களைக்கட்டும், மனிதரோடு வேண்டாம். தளர்ந்த கயிறு காலில் சுற்றாமல் பார்த்துக்கொள்வது தனிப் பாடம். கத்தியை இரு கைக்கும் எட்டும் இடத்தில் வைப்பது இன்னொரு பாடம். ஃபாக்ஸின் கொக்கி முதுகுக்குப் போனதை நினைத்தால் காரணம் புரியும்.

சுறா, முள், கயிறு எல்லாவற்றையும்விட அதிகம் பயப்பட வேண்டியது ஒன்று இருக்கிறது. அதற்குப் பல் கிடையாது. கடல் மட்டத்தில் 1 வளிமண்டல அழுத்தம். 10 மீட்டர் ஆழத்தில் 2. கீழே இருக்கும்வரை நுரையீரலில் மிஞ்சிய ஆக்சிஜனை அழுத்தம் ரத்தத்துக்குள் தள்ளிக்கொண்டிருக்கும். தெம்பாகவே தோன்றும். மேலே வர வர அழுத்தம் சரியும். கடைசி 10 மீட்டரில் அது பாதியாகிறது. ஆக்சிஜனின் அழுத்தமும் அதோடு விழ, தண்ணீர்ப் பரப்பை எட்டும் நேரத்தில் நினைவு தப்புகிறது. வலி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. இறங்குமுன் பலமாக மூச்சு வாங்கி வாங்கி விட்டவருக்கு ஆபத்து இன்னும் கூடுதல். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது முக்கியமாகக் கரியமில வாயு. அதை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டால் உடம்பின் எச்சரிக்கை மணி ஊமையாகிவிடும்.

இங்கேதான் மீன் எமனாகிறது. வெறுங்கையோடு இறங்கியவர் நேரம் பார்த்துத் திரும்பிவிடுவார். பாறை இடுக்கில் ஈட்டியோடு சிக்கிய மீனைப் பார்த்தவரோ இன்னும் ஐந்து நொடி என்று கணக்குப் போடுவார். அந்த ஐந்து நொடியில் போனவர்கள் அநேகம், நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும். மேலே வந்தவர் சரியாக மூச்சு விடுகிறாரா என்று அரை நிமிடமாவது கண் எடுக்கக் கூடாது. வந்த பிறகும் மயங்குவதுண்டு. இடுக்கில் சிக்கிய மீனை அப்படியே விட்டுவிட்டு, மூச்சு முழுசாகத் திரும்பிய பிறகு போய் எடுக்கலாம். மீன் எங்கும் ஓடிவிடாது.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம்மவர்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. ஆனால் அவர்களின் ஏற்பாட்டைப் பாருங்கள். மூழ்குவதற்குக் கல், அதற்கு ஒரு கயிறு. சிப்பி அள்ளும் பைக்கு வேறு கயிறு. மறுநுனி தோணியிலிருக்கும் துணையாளின் கையில். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாட்கள். ஒருவர் உள்ளே போனால் ஜோடியாள் மேலே இளைப்பாறுவார். சுறாவைக் கட்ட மந்திரம் சொல்பவருக்குக் கடல்கட்டி என்று பெயர். 13-ம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இத்தகைய மந்திரக்காரர்களுக்குக் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறார். மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதா என்பது வேறு விஷயம். கூட்டமாக, சத்தமாக, தோணிகளின் அருகிலேயே வேலை நடந்தது, அள்ளியதெல்லாம் உடனுக்குடன் தோணிக்கு ஏறியது. தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

இன்று விவரமறிந்த ஈட்டிக்காரர்கள் மீனை இடுப்பில் தொங்கவிடுவதில்லை. பிடித்தவுடன் படகுக்கு அனுப்பிவிடுகிறார்கள். படகு இல்லாவிட்டால் பக்கம் உயர்ந்த மிதவைப் பலகையில், தண்ணீருக்கு வெளியே போட்டு மூடுகிறார்கள். மிதவைக் கயிற்றைத் துப்பாக்கியோடு இணைக்கிறார்கள், உடம்போடு அல்ல. மீனைக் கேட்டுச் சுறா வந்தால் கொடுத்துவிடுகிறார்கள். சுறாவை முகத்துக்கு முகம் பார்த்தபடி, மெதுவாகப் படகுக்குப் பின்வாங்குகிறார்கள். படகில் ஏறிய பிறகுகூட மறுபடி துப்பாக்கியைப் பூட்டுவதில்லை. மீனை இழந்த கோபத்தில் இறங்குவது அன்றைக்குச் செய்யக்கூடிய மோசமான காரியம் என்று அவர்களுக்குத் தெரியும்.

ராட்னி ஃபாக்ஸ் சீக்கிரமே கடலுக்குத் திரும்பினார். பயந்துகொண்டேதான் திரும்பினார். மிருகக்காட்சி சாலையில் சிங்கக் கூண்டைப் பார்த்தபோது, மனிதன் கூண்டுக்குள்ளும் சுறா வெளியிலும் இருந்தால் என்ன என்று தோன்றியது. அப்படிப் பிறந்த கூண்டில் பிரையன் ராட்ஜரையும், சுறாவிடம் ஒரு காலை இழந்த ஹென்றி பூர்ஸையும் சேர்த்துக்கொண்டு, தங்களைக் கடித்த இனத்தைப் பார்க்கப் போனார். 1975-ல் வெளிவந்த ஜாஸ் படத்துக்கு நிஜச் சுறாக்களைப் படமெடுக்க உதவியவரும் அவர்தான். பிற்பாடு வெள்ளைச் சுறாவைக் கொல்லக் கூடாது என்று பேசுபவர்களில் ஒருவராகவும் ஆனார். அவரைக் கடித்த சுறாவின் பல் துணுக்கு ஒன்று அவரது மணிக்கட்டில் தங்கிவிட்டது. மருத்துவர்கள் அதை எடுக்கவில்லை.