சாலிக்கு ரயர் தேடிய கதை

யாழ்ப்பாணத்து வீதிகளின் பழைய வாகனங்களைப் பற்றி எழுதப் புகுந்த பலரும் ஏ-40 காரையும் மொறிஸ் மைனரையும் பற்றியே எழுதியிருக்கிறார்கள். சாலியை அவர்கள் ஏனோ கண்டுகொள்ளவில்லை. ஹொண்டா நிறுவனம் 1972ஆம் ஆண்டு ஜப்பானில் அறிமுகப்படுத்திய அச்சிறிய மோட்டார் சைக்கிள், பாவித்த வாகனமாக இந்நாட்டுக்கு வந்திறங்கி, சேலை உடுத்த ஆசிரியைகளும் தாதியரும் காலைத் தூக்கிப் போடாமல் ஏறியமரக்கூடிய வாகனமாக எங்கள் ஊர்களில் நிலைத்துவிட்டது. 1990களில் பொருளாதாரத் தடை நிலவியபோது, கார்புரேட்டருக்குள் சில துளி பெற்றோலை விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட வாகனங்களுள் இதுவும் ஒன்று. 2022 ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் பெற்றோல் எனப் பங்கீடு வந்தபோது, கொட்டில்களில் தூசி படிந்து கிடந்த சாலிகள் மறுபடியும் வீதிக்கு வந்தன.

அவ்வாறு வந்த ஒன்று என் தம்பியின் மகளுடையது. அவள் வலிகாமத்தில் ஆசிரியை. காலையில் பாடசாலைக்கும், மாதத்தில் ஒரு நாள் தாயைப் பின்னால் இருத்திக்கொண்டு கிளினிக்குக்கும் அதிற்றான் போய்வருகிறாள். அண்மையில் தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரியப்பா, சாலியின்ரை றிம் ரெண்டும் கறள் பிடிச்சுப் போச்சு. கராஜிலை அலோய் வீல் போடச் சொல்லுகினம். நீங்கள் பஞ்சிகாவத்தையிலை ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுங்கோ."

விசாரிப்பது ஒன்றுதான் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த வித்தை. புறப்பட்டேன்.

கொழும்பு பஞ்சிகாவத்தையை அறியாத வாகனக்காரர் இலங்கையில் இருக்கமுடியாது. உதிரிப்பாகக் கடைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அத்தெருவில், முதற்கடையிலேயே பளபளவென்று மின்னும் பன்னிரண்டு அங்குல அலோய் சக்கரங்களை எடுத்து வைத்தார்கள். பார்க்க அழகுதான். ஆனால் சாலியின் பழைய ரயரில் 3.50-10 என்றிருந்ததை அவள் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். முதல் எண் ரயரின் அகலம், மூன்றரை அங்குலம்; இரண்டாவது றிம்மின் விட்டம், பத்து அங்குலம். பத்தைப் பன்னிரண்டாக்கினால் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையிலுள்ள இடைவெளி சுருங்கும். வேகமானி உண்மையைக் குறைத்துக் காட்டும். அந்தச் சிறிய பிரேக், பெரிய சக்கரமொன்றைப் பிடித்து நிறுத்தவேண்டி வரும். அச்சக்கரங்களில் தயாரிப்பாளரின் பெயரோ அளவோ பொறிக்கப்பட்டிருக்கவில்லை என்பதையும் கவனித்தேன். பெயர் போடத் துணியாதவரின் பொருளை நம்பி என் பிள்ளையை எப்படி அனுப்புவது?

சின்னச் சக்கரந்தானே என்று பலர் அலட்சியமாக நினைக்கிறார்கள். கணக்கு வேறு விதமாக இருக்கிறது. 3.50-10 ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.36 மீற்றர். ஆகவே ஒரு கிலோமீற்றரில் அது 730 தடவைகளுக்கு மேல் சுழல்கிறது. பதினேழு அங்குலச் சக்கரமுள்ள சாதாரண மோட்டார் சைக்கிளிலோ அது ஏறத்தாழ 550 தடவைகள்தான். சிறிய ரயர் விரைவில் தேயும், விரைவில் சூடேறும், பெரிய சக்கரம் உருண்டு கடந்துவிடும் குழிக்குள் இது இறங்கி மோதும். எங்கள் உள்வீதிகளின் நிலையை நான் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த கடையில் 3.50-10 ரயரே கிடைத்தது, அதுவும் பாதி விலையில். "பாவிக்காத ரயர் சேர், வெட்டு எவ்வளவு ஆழமெண்டு பாருங்க" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு முள் குத்திய அடையாளங்கூட அதில் இல்லை. ஆனால் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் 2214 என்றிருந்தது. 2000ஆம் ஆண்டு முதல் தயாரித்த திகதியை நான்கு இலக்கங்களிற் பொறிக்கிறார்கள்: முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. 2014ஆம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரத்தில் பிறந்த இரப்பர் அது. ஓடாமல் இருந்தாலும் இரப்பர் முதுமையடையும், இறுகும், மழை நனைத்த தாரில் பிடிமானத்தை இழக்கும். பக்கச்சுவரை விரலால் மடக்கிப் பார்த்தபோது மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரிந்தன. 1876இலேயே ஹெனரத்கொடையில் இரப்பர்க் கன்று நட்ட நாட்டில், கிழட்டு இரப்பரைப் புதியதென்று விலைபேசுகிறோம்.

மூன்றாவது கடைக்காரர் விஷயமறிந்தவர். "சாலி ரயர் எண்டு ஒண்டையே தேடாதீங்க சேர், ஸ்கூட்டர் ரயர் பாருங்க" என்றார். உண்மைதான். பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டருக்கும் 3.50-10 தான். இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றுக்குரிய 90/100-10 ரயரும் அகலத்தில் 90 மில்லிமீற்றர். மூன்றரை அங்குலம் என்பது 88.9. ஆயினும் அவை பெரும்பாலும் ரியூப் இல்லாத வகை. சாலியின் றிம்மோ இரு தகடுகளை ஆணியும் நட்டும் போட்டுப் பொருத்திய இரட்டை றிம். பொருத்து வழியே காற்றுப் போய்விடும் என்பதால் எந்த ரயர் போட்டாலும் உள்ளே ரியூப் கட்டாயம். இறுதியில் 51J என்று பொறித்த 3.50-10 ஸ்கூட்டர் ரயர்கள் இரண்டை, திகதி பார்த்து வாங்கினேன். 51 என்பது ஒரு ரயர் 195 கிலோ வரை சுமக்கும் என்பதன் குறியீடு. J என்றால் மணிக்கு 100 கிலோமீற்றர் வரை. தாயும் மகளும் அமரும்போது பாரத்தின் பெரும்பகுதி பின்சக்கரத்தில்தான் விழும் என்பதால் அந்த எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்க மனம் வரவில்லை. பத்து அங்குல உருக்குத் தகட்டு றிம்கள் இரண்டும், புதிய நட்டுகளும், ரியூப்களும் அதே கடையிற் கிடைத்தன.

பொதியை பஸ்ஸில் அனுப்பிவிட்டு அவளை அழைத்தேன். வாங்கியதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கழற்றுவதைப் பற்றியே பேசினேன். இரட்டை றிம்மில் காற்று இருக்கும்போதே தகடுகளைப் பிணைக்கும் நட்டுகளை அவிழ்த்தால், அடைபட்ட காற்று தகடுகளைப் பிளந்து எறியும். முகத்துக்கு நேரே குனிந்திருப்பவனின் கதி என்னவாகும்? கறள் தின்ற பழைய நட்டில் இந்த ஆபத்து மேலும் அதிகம்.

"வால்வின்ரை ஊசியைக் கழற்றி, காத்து முழுக்கப் போனாப்பிறகுதான் நட்டிலை கை வைக்கவேணும் எண்டு கராஜ் பெடியனுக்குச் சொல்லு பிள்ளை. பூட்டேக்கை ரியூப்புக்குக் கொஞ்சம் காத்தடிச்சு, தகட்டுக்கிடையிலை நசியாமல் பாத்து, எதிரெதிர் நட்டாய் இறுக்கச் சொல்லு."

"அவர் இருபது வருசமாய்ச் செய்யிறார் பெரியப்பா."

"அப்ப நீ பக்கத்திலை நிண்டு பார்."

நின்றிருக்கிறாள். மறுநாள் கழற்றிய பின் றிம்மின் உட்புறத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். ஆணித்துளை ஒன்றிலிருந்து தகட்டின் விளிம்புவரை ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. வெளிப்புறத்தில் யாரோ முன்பு பூசிய வெள்ளிநிற வர்ணம் அதை மறைத்திருக்கிறது. பழைய இரும்பு வாங்குபவரிடம் அதை அப்படியே கொடுத்துவிடாதே, நடுவால் அறுத்துவிட்டுக் கொடு என்று பதில் அனுப்பினேன். இல்லாவிட்டால் இன்னொருவர் அதற்கு வர்ணம் பூசி விற்றுவிடுவார்.