கடற்பாலம் தாண்டி வாங்கிய திரைச்சீலை

சிங்கப்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் கட்டில் வீட்டுக்காரருடையது. சோபா, சாப்பாட்டு மேஜை, வாஷிங் மெஷின், ஜன்னலில் தொங்கும் சாம்பல் நிறத் திரைச்சீலை எல்லாமே அவருடையதுதான். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஏதாவது வாங்கலாமா என்று பேச்செடுத்தால், "எதுக்கு? இன்னும் ரெண்டு வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடுவோமே" என்பார் என் கணவர். நானும் தலையாட்டுவேன். கும்பகோணத்தில் வாங்கிப் போட்ட மனைக்குத் தவணை போய்க்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு ஒருமுறை வந்து பார்க்க ஆசை. "கொஞ்சம் பொறுங்கப்பா, வீட்டைச் சரி பண்ணிட்டுக் கூப்பிடுறேன்" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். போன வருடம் ஆடி மாதம் அப்பா போய்விட்டார். வீடு அப்படியேதான் இருந்தது.

இப்போது அம்மா வருகிறார். "ஜோகூர் போய்ட்டு வாங்க, செலவு பாதியாக் குறையும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. சிங்கப்பூரின் வடக்கு முனையில், ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம் நீளமான கடற்பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் ஜோகூர் பாரு. ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு, மூன்று ரிங்கிட்டுக்கும் மேல் கிடைக்கும். முடி வெட்டிக்கொள்ளக்கூட அங்கே போகிறவர்கள் உண்டு. முன்பு எங்கள் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா எடுக்க வேண்டியிருந்ததால் நாங்கள் போனதில்லை. 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா வேண்டாம் என்றாகிவிட்டது. போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பினால் போதும்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பினோம். கிராஞ்சியிலிருந்து பஸ். சிங்கப்பூர் சோதனைச் சாவடியில் இறங்கி, பாஸ்போர்ட் காட்டி, மறுபடி பஸ் ஏறி, பாலத்தைக் கடந்து, மலேசியச் சாவடியில் மறுபடி இறங்க வேண்டும். ஒன்பது வயது மகள் பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதலில் வயிறு. ராஜமாரியம்மன் கோயில் இருக்கும் உங்கு புவான் தெருவில் பூக்கட்டும் வாசமும் சாம்பார் வாசமும் சேர்ந்து வந்தன. தோசை சாப்பிட்டுவிட்டுப் பாத்திரக் கடைக்குள் நுழைந்தோம். "பசியாறியாச்சா?" என்று கேட்டார் கடைக்கார அம்மா. சாப்பிட்டாயிற்றா என்பதற்கு இங்கே அப்படித்தான் கேட்கிறார்கள். இட்லிப் பானையும் அம்மாவுக்கு ஒரு டபரா செட்டும் எடுத்து வைத்தேன்.

"இதெல்லாம் ஊருக்கு அனுப்பவா, வீட்டுக்கா?" என்றார்.

சட்டென்று பதில் வரவில்லை. இத்தனை வருடத்தில் பார்த்துப் பார்த்து வாங்கியதெல்லாம் ஊருக்குப் போகும் பெட்டிக்குத்தான். "வீட்டுக்குத்தான்" என்றேன். சொன்ன பிறகு கணவரைப் பார்த்தேன். அவர் தோசைக்கல் ஒன்றைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதையும் எடுத்துக்கலாமா?" என்றார்.

பிறகு வணிக வளாகத்தில் தலையணை, படுக்கை விரிப்பு, குளியலறையில் அம்மா வழுக்கிவிடாமல் இருக்க ரப்பர் மிதியடி. கடைசியாகத் திரைச்சீலை. மகள் மாம்பழ மஞ்சளில் ஒன்றைக் காட்டினாள். நான் அழுக்குத் தெரியாத நிறமாகத் தேடினேன். "அம்மா, அழுக்குக் கலர் ஏற்கெனவே வீட்டுல இருக்கு" என்றாள். மஞ்சளே வாங்கினோம்.

திரும்பும்போதுதான் கஷ்டம். இரண்டு சாவடியிலும் எல்லா மூட்டையையும் தூக்கிக்கொண்டு இறங்கி ஏற வேண்டும். தோசைக்கல்லை ஏன் வாங்கினோம் என்று இருவருமே நினைத்தோம், சொல்லிக்கொள்ளவில்லை. வரிசையில் மட்டும் இரண்டு மணி நேரம் போனது.

இன்னொரு விஷயம். 48 மணி நேரத்துக்குள் போய்வரும் சிங்கப்பூர்க்காரர்களுக்கு 100 வெள்ளிப் பொருள் வரை வரி கிடையாது. வேலை அனுமதியில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. முதல் வெள்ளியிலிருந்தே 9 சதவிகிதம். பில்லைக் கூட்டினால் 130 வெள்ளி வந்தது. "தலையணைக்கெல்லாம் யாருங்க கேட்கப் போறா?" என்றேன். கணவர் போனை எடுத்து வரிசையில் நின்றபடியே 11 வெள்ளி 70 காசு வரி கட்டினார். "நம்ம வீட்டுச் சாமான். நம்மதான் கட்டணும்" என்றார். 'நம்ம வீடு' என்று அவர் சொன்னால் இதுவரை அது கும்பகோணத்து மனையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் நாற்காலி போட்டு ஏறி மஞ்சள் திரைச்சீலையை மாட்டினார். நீளம் நான்கு விரல் குறைவு. பழையதை மடித்து அலமாரியில் வைத்தேன். காலி செய்யும்போது திருப்பித் தர வேண்டும்.

"வேற வீட்டுக்குப் போனா இதையும் எடுத்துட்டுப் போலாமாம்மா?" என்றாள் மகள்.

"தாராளமா. இது நம்மளது."

அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கப்பாவுக்கு மஞ்சள்னா புடிக்கும்" என்றார். அதற்குமேல் இருவருமே பேசவில்லை.

அடுத்த வாரம் வருகிறார். கட்டில் மட்டும் இன்னமும் வீட்டுக்காரருடையதுதான். அதை பஸ்ஸில் ஏற்ற முடியாதே!