முகமறியா நட்பு

நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'நன்றி' என்பதைப் போல இடம் மாறிய சொல் வேறொன்று உண்டா என்று சில நேரங்களில் எண்ணிப் பார்ப்பதுண்டு. திருக்குறளின் 11ஆம் அதிகாரத்திற்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயர். அத்தொடரில் நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மையைக் குறிக்கிறது. நாம் வாயால் திருப்பிச் சொல்லும் சொல்லை அன்று. செய்தவருக்குரியது நன்றி, பெற்றவருக்குரியது அறிதல். இன்றோ கடையில் மீதிச் சில்லறையை வாங்கும்போதும், மேடையில் உரையை முடிக்கும்போதும் நன்றி சொல்கிறோம். பணம் வழங்கும் இயந்திரத்தின் திரைகூட நமக்கு நன்றி சொல்கிறது. கொடுத்தவரின் கையிலிருந்த சொல் பெற்றவரின் வாய்க்கு வந்து சேர்ந்துவிட்டது. மொழியில் பொருள் இவ்வாறு நகர்வது இயல்பே. மலாய் மொழியினர் 'தெரிமா காசி' என்று நன்றி கூறுவர். அன்பைப் பெற்றுக்கொள்வது என்பது அதன் சொற்பொருள். ஜப்பானியரின் 'அரிகத்தோ', கிடைத்தற்கரியது என்னும் பொருளுடைய பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது.

நம் வீடுகளுக்குள் மட்டும் இச்சொல் இன்னும் முழுதாக நுழையவில்லை. சோறு பரிமாறிய தாயிடம் மகள் "நன்றி அம்மா" என்றால், "என்னடி, விருந்துக்கா வந்திருக்கிறாய்?" என்னும் கேள்வியே விடையாக வரும். நெருங்கியவரிடம் நன்றி கூறினால் தொலைவு கூடிவிடுமோ என்னும் தயக்கம் நமக்கு உண்டு. அப்படியானால், ஒருமுறையேனும் நேரில் காணாத, ஆயினும் உறவினரைப் போல் நெருங்கிவிட்ட ஒருவருக்கு எவ்வாறு நன்றி சொல்வது? இந்தக் கேள்வி என்னிடம் வந்தது ஒரு துணைக்காலின் வழியாக.

பழந்தமிழ் நூல்களை யாவரும் விலையின்றிப் படிக்குமாறு இணையத்தில் ஏற்றும் பணியில், 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் முன்னோடியாகும். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார். மற்றொரு நாட்டில் இன்னொருவர் பிழை திருத்துவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். 2005இல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் திரட்டிக் காப்பதற்காக 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அந்த இழப்பை அறிந்தவர்கள், எஞ்சிய ஒவ்வொரு தாளையும் படமெடுத்து வைக்க விரும்பியதில் வியப்பில்லை.

நாகப்பட்டினத்தில் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றும் நானும் இத்தகைய தன்னார்வக் குழு ஒன்றில் இரவு நேரங்களில் மெய்ப்புத் திருத்தி வந்தேன். 2016இல் ஒருநாள், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. "அக்கா, 43ஆம் பக்கத்தில் இருப்பது ரகரமோ, துணைக்காலோ?" அவ்வளவுதான். வணக்கமும் இல்லை, அறிமுகமும் இல்லை.

கேள்வி எளிதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. பதிப்பாசிரியர்கள் பொருளைக் கொண்டே எழுத்தை முடிவு செய்தார்கள். அச்சு நூலிலும், தேய்ந்த எழுத்தில் ரகரத்தின் அடிக்கோடு மறைந்துவிட்டால் அது துணைக்காலாகத் தோன்றும். நாங்கள் இருவரும் அந்த ஓரெழுத்தைப் பற்றி மூன்று நாள்கள் எழுதிக்கொண்டோம். முடிவில் அது ரகரம் என்று துணிந்தபோது, ஒரு நட்பும் தொடங்கியிருந்தது.

ஒரே மொழியைத்தான் இருவரும் எழுதினோம். எனினும் சில சொற்கள் இடையில் நின்று சிரித்தன. "ஆறுதலாகப் பார்த்து அனுப்புங்கோ" என்று அவர் எழுதுவார். தமிழகத்தில் துயருற்றவருக்குச் சொல்வது ஆறுதல்; யாழ்ப்பாணத்தில் அவசரமின்றிச் செய்வது ஆறுதல். "நேற்று அம்மா என்னைப் பேசிப்போட்டா" என்று ஒருமுறை எழுதியிருந்தார். அங்கே உரையாடுவதற்குக் கதைத்தல் என்று பெயர். பேசுதல் என்றால் திட்டுதல். நாற்காலியை அவர் கதிரை என்பார். சமையலறையைக் குசினி என்பார். இரண்டும் போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொற்கள். அதே போர்ச்சுகீசியர் நம்மிடமும் சன்னலையும் அலமாரியையும் சாவியையும் விட்டுச்சென்றிருக்கிறார்கள். ஒரே கப்பலில் வந்த சொற்களைக் கரைக்குக் கரை வேறுவேறாகப் பங்கிட்டுக்கொண்டோம் போலும்!

இணைய நட்பைப் பற்றிப் பேசுவோர் உடனே கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் துணைக்கு அழைப்பர். நட்புக்கு நெருங்கிப் பழகுதல் வேண்டுவதில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்னும் குறளுக்குப் பரிமேலழகரும் அவ்விருவரையே எடுத்துக்காட்டினார். ஆனால் இந்த ஒப்புமை சற்று எளிதாகவே சொல்லப்பட்டுவிடுகிறது என்பது என் கருத்து. சோழன் வடக்கிருந்த இடத்தில் நண்பருக்கென்று ஓரிடம் ஒதுக்கிவைத்தான். புலவரும் பாண்டிநாட்டிலிருந்து நடந்து வந்து அவ்விடத்தை அடைந்தார். காணாத நட்பு என்று நாம் போற்றும் அந்நட்பு, ஒருவர் எழுந்து நடந்து வந்ததால்தான் இன்றும் பேசப்படுகிறது. விரலசைவில் விருப்பம் தெரிவிக்கும் நம் காலத்து நட்புகளுள் எத்தனை அந்த நடையை நடக்கும்? எல்லாம் நடக்க வேண்டும் என்பதில்லை. நடந்த ஒன்றைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

என் தந்தையின் சிறுவயதில் வீட்டில் ஒரு பழைய வாசக நூல் இருந்தது. அட்டை இல்லை, முகப்புப் பக்கமும் இல்லை. அதில் ஓடக்காரன் கதை ஒன்று. வழிப்போக்கன் ஒருவன் ஓடத்தில் ஒரு மூட்டையை மறந்துவிட்டுப் போகிறான். ஓடக்காரன் அதைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுவதும் அவனைத் தேடுகிறான். அத்துடன் பக்கம் முடிகிறது. அடுத்த நான்கு பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டது. அப்பா எங்களுக்கு அக்கதையைச் சொல்லும்போது, தாமே ஒரு முடிவைக் கட்டிச் சொல்வார். மாலையில் வழிப்போக்கன் திரும்பி வருவான். மூட்டை நிறையப் பொன் இருக்கும். ஓடக்காரன் ஒரு காசுகூட வாங்க மறுப்பான். "இது என் முடிவு. புத்தகத்தில் என்ன இருந்ததோ!" என்று ஒவ்வொரு முறையும் சேர்த்துக்கொள்வார்.

2019இல் அப்பாவின் கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. படிக்க முடியாத நாள்களில் பழைய பாடங்களை நினைவிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். ஒருநாள், "அந்த ஓடக்காரன் கதை எப்படித்தான் முடிந்திருக்கும்?" என்று கேட்டார். எஞ்சியிருந்த பக்கத்தைப் படமெடுத்து, பெரிய நம்பிக்கை ஏதுமின்றி, யாழ்ப்பாணத் தோழிக்கு அனுப்பினேன். கேட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அக்காலத்தில் தமிழ் நூல்கள் இரு கரைகளுக்கும் பொதுவாக இருந்தன. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் அச்சகம் நடத்தினார். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை 1887இல் பதிப்பித்துத் தமிழுலகுக்குத் தந்தார். நாகப்பட்டினத்தில் கிடைத்த ஒரு சிறுவர் நூல் அங்கும் ஒரு பரணில் இருக்கக்கூடும்.

நான்கு மாதங்களுக்குப் பின்னர் அவரிடமிருந்து செய்தி வந்தது. கதையின் எஞ்சிய பகுதி முழுவதும் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. உடன் இருள் படிந்த ஒரு படம். "கிடைச்சிட்டுது அக்கா. அப்பாவுக்கு ஆறுதலாக வாசித்துக் காட்டுங்கோ" என்று எழுதியிருந்தார்.

அன்றிரவே வாசித்தேன். வழிப்போக்கன் அன்று மாலை வரவில்லை. ஓடக்காரன் மூட்டையை அவிழ்க்காமலே கூரையில் தொங்கவிட்டுக் காக்கிறான். மாரியில் கூரை ஒழுகி மூட்டை நனைகிறது. உள்ளிருந்து முளைகள் எட்டிப் பார்க்கின்றன. எல்லாம் மாங்கொட்டைகள். அவற்றைக் கரையில் ஊன்றி வைக்கிறான். வழிப்போக்கன் பிறகாவது வந்தானா என்பதை நூல் சொல்லவில்லை.

அப்பா உரக்கச் சிரித்தார். "மாங்கொட்டையா! நான் பொன் என்றல்லவா வைத்திருந்தேன்!" அந்த வாரத்தில் மூன்று முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்தப் பெண்ணுக்கு என்ன செய்தாய்?" என்று கேட்டார். நன்றி எழுதி அனுப்பியதைச் சொன்னேன். "அவ்வளவுதானா?" என்றார். 2021இல் அப்பா மறைந்தார். அந்த ஒற்றைச் சொல் கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணம் கடல்வழியே 110 கிலோமீட்டர் அளவே. ஆயினும் நெடுங்காலம் அங்குச் செல்ல நேர்வழி இல்லை. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் போக்குவரத்து 1964ஆம் ஆண்டுப் புயலோடு நின்றது. பின்னாளில் நாங்கள் செல்வதானால் பெரும்பாலும் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து 400 கிலோமீட்டர் வடக்கு நோக்கிப் பயணம் செய்ய வேண்டியிருந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விடப்பட்டது. சில நாள்களில் நின்றது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. செப்டம்பரில் நான் ஏறினேன். பையில் அப்பாவின் வாசக நூல். ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீரைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. பின்னர் ஒரு மெல்லிய கோடாகப் பனைமரங்கள் தோன்றின.

துறைமுக வாயிலில் காத்திருந்தவரை அடையாளம் காண அரை நொடி ஆயிற்று. நான் எண்ணியிருந்ததைவிட உயரம். வீட்டில் அவருடைய தாயார், "வாங்கோ பிள்ளை, உதிலை இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். கப்பலில் வரும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லடுக்கி வைத்திருந்தேன். வாய் திறந்தபோது தோழி, "முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ அக்கா, ஆறிப்போகும்" என்றார். அடுக்கிய சொற்கள் கலைந்தன.

மறுநாள் அந்த நூலுக்குரியவரிடம் அழைத்துச் சென்றார். இரண்டு பேருந்து மாறிச் செல்லும் ஊர். ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலரான முதியவர், விறாந்தையில் அமர்ந்திருந்தார். நான் யார் என்று அறிந்ததும் தோழியைச் சுட்டி, அவர் எனக்கு எழுதாத ஒன்றைச் சொன்னார்.

"இந்தப் பிள்ளை மூண்டு தரம் வந்தது. முதல் நாள் நான் புத்தகத்தை வெளியில எடுக்கேல்லை. ஆரெண்டு தெரியாத ஆளுக்கு எப்பிடிக் குடுக்கிறது? ரெண்டாம் நாள் ஒரே மழை, இருட்டு. படம் வடிவா விழேல்லை. மூண்டாம் நாள் இதிலை இருந்து முழுப் பாடத்தையும் கையால எழுதிக்கொண்டு போச்சுது."

2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளை அடுத்து வழியெங்கும் சோதனைகள் மிகுந்திருந்த ஆண்டு அது. இரண்டு பேருந்து, மூன்று முறை, போகவும் வரவும். நான் தோழியைப் பார்த்தேன். அவர் முற்றத்து வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தது தெரியாமல் நன்றி எழுதுவதும், தெரிந்தபின் பேச்சின்றி நிற்பதும் ஒன்றல்ல. ஐந்தாண்டுகளுக்கு முன் நான் அனுப்பிய இரண்டு வரிகளைவிட அந்த விறாந்தையில் நின்ற சிறுபொழுது நீளமாக இருந்தது.

முதியவர் தம் நூலைத் துணியிலிருந்து பிரித்தார். எங்கள் நூலை அதன் அருகில் வைத்தேன். அவருடையதில் கடைசி மூன்று பாடங்கள் இல்லை, எங்களுடையதில் இருந்தன. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நாங்கள் இருப்பதையே மறந்தவராய், எழுபது ஆண்டுகளாகக் காணாத பாடங்களைப் படிக்கத் தொடங்கினார். முகப்புப் பக்கம் இரண்டிலுமே இல்லை. நூலின் பெயரும் அச்சகமும் தெரியாமலே இரு படிகளையும் சேர்த்துப் படமெடுத்தோம். பெயர்தான் இல்லையே தவிர, இப்போது பாடங்கள் முழுமையாக உள்ளன. அப்பாவின் படியை அவரிடமே விட்டுவந்தேன்.

புறப்படும் நாளில் தோழியின் தாயார் பனையோலைக் குட்டான்கள் நிறைந்த ஒரு பையைக் கையில் திணித்தார். வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுக்கவில்லை. நாகப்பட்டினத் துறைமுகத்தில் சுங்க அலுவலர் பையைத் திறந்து, ஓலைப் பெட்டிகளைப் புரட்டி, "இது என்னம்மா?" என்று கேட்டார்.

"பனங்கட்டி" என்றேன்.

அவர் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "கருப்பட்டி என்று சொல்லுங்களேன்!" என்று சிரித்துப் பையை என்னிடம் தள்ளினார்.