அம்மாவின் டேப்பும் அக்காவின் ஸ்கேனும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அதைப் படித்துப் பொருள் சொல்வது என் பொறுப்பு. சென்ற ஐப்பசியில் அப்படித்தான் அக்காவின் சர்க்கரைச் சீட்டு என் கைக்கு வந்தது.

அக்கா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைப்பவள். கொடி போன்ற உடல், தலைப்பிரசவம். பன்னிரண்டாம் வாரத்து ஸ்கேனில் எல்லாம் நலம் என்றார்கள். பெயர் பதிந்தபோது பார்த்த சர்க்கரையும் சரியாகவே இருந்தது. இருபத்தாறாம் வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 158! 140ஐத் தொட்டாலே கர்ப்பகால நீரிழிவு என்பது சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னின்று வகுத்த முறை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்யத் தமிழக அரசு 2007ல் ஆணையிட்டது.

"இத்தனை ஒல்லியா இருக்கறவளுக்குச் சக்கரை எப்படிக் கண்ணு வரும்?" என்றாள் அம்மா.

பேராசிரியர் எடுத்துக் கொடுத்த கட்டுரையொன்றில் விடை கிடைத்தது. 2004ல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் ஆங்கிலேய நண்பர் யட்கினும் 'லான்செட்' இதழில் தங்கள் இருவர் படத்தையே வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ நண்பருக்கு 9.1 விழுக்காடு, நம்மவருக்கு 21.2! தராசுக்குத் தெரியாத கொழுப்பு. அதிலும் வயிற்றுக்குள் குடலைச் சூழ்ந்திருப்பதுதான் சர்க்கரைக்கு நெருங்கிய உறவு.

அதை ஸ்கேன் காட்டுமா? கனடாவின் டொரோன்டோவில் 11 முதல் 14 வாரக் கர்ப்பிணிகளுக்கு அளந்து 2016ல் வெளியிட்டார்கள். உட்கொழுப்பு மிகுந்தவர்களிடம் பின்னர் சர்க்கரைக் கோளாறும் மிகுதியாக இருந்தது. கதிர்வீச்சுள்ள சி.டி. கருவியைக் கர்ப்பிணிக்கு இதற்காகப் பயன்படுத்த முடியாது. கருப்பை பெருத்துவிட்டால் ஸ்கேனிலும் அளப்பது அரிது. ஆகவே அந்த வாரங்களே தோது.

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டாம் வாரத்திலேயே அளந்து சொல்லியிருக்கலாமே! அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவள் பல ஆண்டுகளாகச் செக்கிங் மேசையில் பனியனின் மார்பளவை டேப்பால் அளப்பவள். நிதானமாகக் கேட்டாள்:

"எந்த எடத்துல வெச்சு அளப்பாங்க? அமுத்தியா, அமுத்தாமயா?"

வாயடைத்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குச் சோறு கொண்டுபோன இடத்தில் ஒரே பனியனைப் பத்து முறை அளந்து பார்த்தேன். 45.5 முதல் 47 செ.மீ. வரை நான்கு விடைகள்! அம்மா அளந்ததில் ஒரு கோடுகூட மாறவில்லை. பின்னல் துணி இழுத்தால் நீளும். கொழுப்பு அமுக்கினால் ஒடுங்கும். ஸ்கேன் முனையை வைக்கும் இடம், கையின் அழுத்தம், மூச்சு உள்ளிழுத்த நேரமா விட்ட நேரமா எல்லாமே மில்லிமீட்டர்களை மாற்றும். தோலடிக் கொழுப்புக்கு இருபுறமும் எல்லை தெளிவு. அளப்பவர்கள் ஒத்துப் போவது எளிது. உட்கொழுப்புக்கோ தசைச் சுவரிலிருந்து முதுகெலும்பை ஒட்டிய பெருந்தமனி வரை அளக்கிறார்கள்; நடுவிலுள்ள குடலும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது! ஒருவர் அளவை மற்றவர் அறியாமல் இருவர் அளந்து ஒப்பிட்டால்தான் நம்பலாம்.

அதுவும் போதாது, நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியின் சுழிப்பிழையை மறந்தால் மதிப்பெண் போகிறதல்லவா? ஒலி உடலுக்குள் நொடிக்கு 1540 மீட்டர் செல்வதாகக் கொண்டே ஸ்கேன் கருவி ஆழத்தைக் கணக்கிடுகிறது. கொழுப்பில் அது ஏறத்தாழ 1450 மீட்டர்தான். எதிரொலி தாமதமாகத் திரும்புவதால் 20 மி.மீ. கொழுப்பு 21க்கு மேல் காட்டும். யார் அளந்தாலும் அதே பிழை. டேப்பே தவறென்றால் பத்துப் பேர் ஒத்துப் போய் என்ன பயன்?

(ஆலைகளில் உலோக வெடிப்பைக் கண்டுபிடித்த கருவியைத்தான் 1950களில் கிளாஸ்கோ மருத்துவர் அயன் டொனால்டு பெண்களின் வயிற்றைப் பார்க்க எடுத்துக்கொண்டார். செக்கிங் மேசைக்கும் ஸ்கேனுக்கும் பழைய உறவுதான்!)

ஸ்கேன் எடுத்தவர் மேலிருந்த கோபம் இப்போது இல்லை. அக்காவுக்கு முப்பத்து நான்காம் வாரம். மாலையில் நானும் அவளும் நொய்யல் கரையோரம் நடக்கிறோம். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குள் இருக்க வேண்டுமாம். நேற்று 116. சீட்டை நான் படிக்கும் வரை அம்மா அடுப்பை விட்டு எழுந்து நின்றுகொண்டே இருந்தாள்.