சாவு மேளம் யார் அடிப்பது?

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற ரோட்டில் மண்டகப்பட்டு இருக்கிறது. அந்த ஊருக்குப் பக்கத்துக் காலனிதான் எனக்கு. மண்டகப்பட்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து செய்த கோயில் ஒன்று உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூன்று பேருக்கும் விசித்திரசித்தன் என்ற ராஜா இதைச் செய்வித்தான் என்று அங்கே கல்வெட்டு சொல்கிறது. பாறையைக் குடைந்த கைகள் யாருடையவை என்று கல்வெட்டு சொல்லவில்லை. அது வழக்கம்தான்.

அதே ராஜா ஒரு சிரிப்பு நாடகமும் எழுதியிருக்கிறான் என்பது காலேஜில் படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. மத்தவிலாசப் பிரகசனம். ஏழாம் நூற்றாண்டு, சமஸ்கிருதம். காஞ்சிபுரத்துத் தெருவில் குடித்துவிட்டுத் திரியும் காபாலிகன் ஒருவன் தன்னுடைய மண்டையோட்டைத் தொலைத்துவிடுகிறான். பௌத்த பிக்குதான் திருடினான் என்று சண்டைக்குப் போகிறான். கடைசியில் அதைத் தூக்கிப்போனது ஒரு நாய் என்று தெரியவருகிறது. காபாலிகன், பிக்கு, பாசுபதன், பைத்தியக்காரன் என்று எல்லாரும் அதில் சிரிப்புக்கு ஆளாகிறார்கள். ராஜா மட்டும் பாத்திரமாக வரவே இல்லை. எழுதினவன் ராஜா, சிரிக்கப்பட்டவர்கள் மற்றவர்கள்.

இதற்கு நேர் எதிர் எங்கள் பக்கத்துத் தெருக்கூத்து. துரியோதனன் கிரீடம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்து நிற்பான். கட்டியக்காரன் அவனை லேசில் விடமாட்டான். யார் நீ, எந்த ஊரு, எதுக்கு வந்தே என்று கேட்டு ராஜாவை வாங்கு வாங்கென்று வாங்குவான். விடிய விடியச் சனங்கள் சிரிப்பார்கள். ஒரு சிரிப்பை அரசியலாக்குவது அது எந்தத் திசையில் பாய்கிறது என்பதுதான். மேலிருந்து கீழே பாய்ந்தால் அது அடி. கீழிருந்து மேலே பாய்ந்தால் அது கேள்வி.

தமிழ்ச் சினிமா நகைச்சுவை பெரும்பாலும் மகேந்திரவர்மன் வழியில்தான் போயிருக்கிறது. கறுப்பா இருக்கிறவனைப் பார்த்துச் சிரி, பல்லு நீண்டவளைப் பார்த்துச் சிரி, இடுப்பை ஆட்டி நடக்கிற ஆம்பளையைப் பார்த்துச் சிரி. இந்த மூன்றாவது ஆள் கதாநாயகன்மேல் வந்து உரசுவான், கதாநாயகன் அருவருப்போடு தள்ளிவிடுவான், தியேட்டர் அதிரும். காமெடி இல்லாத இடத்திலும் நிலைமை வேறில்லை. 2006ல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் கொலைகாரர்கள் இரண்டு பேரையும் அப்படிப்பட்டவர்களாகக் காட்டினார்கள். விழுப்புரம் கொட்டகைகளில் உட்கார்ந்து இந்தச் சிரிப்புகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். கறுப்பன் என்ற முறையில் ஒரு தடவை, ஆணை நேசிக்கிற ஆண் என்ற முறையில் இன்னொரு தடவை, ஒரே டிக்கெட்டில் இரண்டு அடி வாங்கியிருக்கிறேன்.

இந்தப் பின்னணியில்தான் 'சுப் மங்கள் ஜியாதா சாவ்தான்' என்ற இந்திப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. ஹிதேஷ் கேவல்யா எடுத்தது. 21 பிப்ரவரி 2020ல் வெளியானது. அலகாபாத்துக் குடும்பம். அப்பா சங்கர் திரிபாதி விவசாய விஞ்ஞானி, கறுப்புக் காலிஃபிளவரைக் கண்டுபிடித்தவர். கல்யாணத்துக்குப் போகிற ரயிலில் தன் மகன் அமன், கார்த்திக் என்ற பையனை முத்தமிடுவதைப் பார்த்துவிடுகிறார். பார்த்ததும் வாந்தி எடுக்கிறார். அதற்குப் பிறகு படம் முழுக்க அடி, அழுகை, சமாதானம், மிரட்டல். கஜ்ராஜ் ராவ் அப்பாவாகவும் நீனா குப்தா அம்மாவாகவும் நடித்திருக்கிறார்கள். ஜிதேந்திர குமார்தான் அமன், ஆயுஷ்மான் குரானா கார்த்திக்.

இது பெரிய கலைப்படம் ஒன்றும் இல்லை, வியாபாரப் படம். ஆனால் ஒரு காரியம் செய்திருக்கிறது. சிரிப்பின் திசையை மாற்றியிருக்கிறது. இரண்டு பையன்களைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. அப்பனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவருடைய கௌரவத்தைப் பார்த்து, விஞ்ஞானம் படித்தும் சொந்த மகனைப் படிக்கத் தெரியாத அறிவைப் பார்த்துச் சிரிக்கிறோம். கட்டியக்காரன் வேலை இது.

இனி எங்கள் வீட்டுக்கதை.

நான் சொன்னது 2019 கோடையில். எங்கள் வீடு ஒரே அறை, ஒரு திண்ணை. சினிமாவில் மாதிரிக் கதவைச் சாத்திக்கொண்டு அழ உள் அறை கிடையாது, மொட்டைமாடி கிடையாது. ஒருத்தரிடம் சொன்னால் எல்லாரிடமும் சொன்ன மாதிரி. அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்பிடின்னா நீ கூவாகத்துக்குப் போவியாப்பா?"

அம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. கூவாகம் எங்களுக்குத் தூரம் இல்லை. சித்திரை மாதம் திருநங்கைகள் ஆயிரக்கணக்கில் வந்து அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்த சனம் நாங்கள். களப்பலிக்கு முந்தின ராத்திரி அரவானுக்குப் பொண்டாட்டியாகக் கிருஷ்ணனே பொம்பளையாக வந்த கதையைப் பாரதக் கூத்தில் கேட்டவர்கள். கூத்தில் ஆம்பளைதான் பாஞ்சாலி. இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். ஆம்பளையாகவே இருந்துகொண்டு ஆம்பளையை நேசிக்கிறவனுக்குத்தான் அவளிடம் கதையும் இல்லை, பெயரும் இல்லை. பத்திரிகைக்காரர்கள் வைத்த 'ஓரினச் சேர்க்கை' என்ற பெயரோ படுக்கையை மட்டும் பேசுகிறது. மாதச் சம்பளத்தில் பாதியை எனக்கு அனுப்பி, எனக்குக் காய்ச்சல் என்றால் திண்டிவனத்திலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்த ஒருவனைப் பற்றி அந்த வார்த்தைக்கு ஒன்றும் தெரியாது.

"இல்லம்மா. அவங்க வேற, நான் வேற. ஆனா அவங்களும் நானும் ஒரே அடிதான் வாங்குறோம்" என்றேன்.

அப்பா அன்றைக்குப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் கரும்பு வெட்டிவிட்டு வந்து கை கழுவும்போது ஒன்று சொன்னார்.

"ஊர்க்காரனுவ ஏற்கெனவே நம்மள ஒரு பேரு வச்சிக் கூப்புடுறானுவ. நீ இன்னொரு பேரு வாங்கிக் குடுக்காதடா."

திரிபாதிக்கும் எங்கப்பாவுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. திரிபாதிக்கு இழப்பதற்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறது. வாசல் பலகையிலேயே சாதி எழுதியிருக்கிற பெயர். எங்கப்பாவுக்கு அப்படி ஒரு பெயரைச் சமூகம் கொடுத்ததே இல்லை. அவர் பயம் கௌரவம் போய்விடுமே என்பதில்லை. ஏற்கெனவே வாங்குகிற அடியோடு இன்னொரு அடி சேருமே என்பதுதான். இரண்டையும் 'பழமைவாதம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடக்கூடாது.

2020 ஊரடங்கில் வேலை போய் வீட்டுக்கு வந்தேன். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் இந்தப் படத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நானே அர்த்தம் சொன்னேன். திரிபாதி வாந்தி எடுக்கிற இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கயிற்றுக்கட்டிலில் திரும்பிப் படுத்திருந்த அப்பா கேட்டார்.

"அந்தாளு இன்னா வேல பாக்குறான்?"

"விஞ்ஞானிப்பா."

"இன்னா சாதி?"

"திரிபாதின்னா அய்யருப்பா."

"அதான். வாந்தி எடுக்க அவனுக்கு நேரம் இருக்குது. மறுநா வெட்டுக்குப் போவ வேணாமே."

அம்மா மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். படத்தை எழுதினவர்களுக்குக் கிடைக்காத வசனம் அது.

படத்தில் இன்னொரு கட்டம் வருகிறது. மகனைத் திருத்துவதற்காக அவன் செத்து மறுபடி பிறந்ததாகச் சடங்கு செய்கிறார்கள். நான் அர்த்தம் சொன்னதும் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"உசுரோட இருக்கிறவனுக்குச் சாவுச் சடங்கா? மேளம் யாரு அடிக்கிறது?"

யாரும் பதில் சொல்லவில்லை. அவரே சொன்னார்:

"செத்தவனுக்கே அடிக்க மாட்டன்னு வந்தவன் நானு."

1990களில் எங்கள் பக்கத்துக் காலனிகள் பலதில் ஊர்ச்சாவுக்கு மேளம் அடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பறையைக் கீழே வைத்தவர்களில் அப்பாவும் ஒருவர். அதற்காக வேலை மறுக்கப்பட்டது, வழி மறிக்கப்பட்டது. அந்த மனிதர் என்னைப் பற்றி அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது போதும். ஏற்றுக்கொண்டாரா என்று கேட்காதீர்கள். எனக்குச் சாவு மேளம் அடிக்க மறுத்துவிட்டார், அவ்வளவுதான்.

படம் 2018 செப்டம்பர் 6ம் தேதித் தீர்ப்போடு முடிகிறது. இந்தியத் தண்டனைச் சட்டம் 377 பிரிவு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வதைக் குற்றமாக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்ன நாள். தலித் வாசகர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தத் தீர்ப்பு சாய்ந்து நிற்கிற தூண்களில் ஒன்று 'அரசியலமைப்பு ஒழுக்கம்' என்பது. 4 நவம்பர் 1948ல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் வற்புறுத்திய கருத்து அது. அது தானாக வராது, வளர்த்தெடுக்க வேண்டும் என்று அன்றே சொன்னார். ஊர் ஒழுக்கம் வேறு, சட்டத்தின் ஒழுக்கம் வேறு என்று பிரித்துக் காட்டினால்தான் சேரிக்கு மூச்சு. அந்த மூச்சைத்தான் நானும் விடுகிறேன். 2023 அக்டோபர் 17ல் அதே நீதிமன்றம் எங்கள் கல்யாணத்தை அங்கீகரிக்க மறுத்தது. பாதி வழிதான் வந்திருக்கிறோம்.

கற்றுக்கொள்வது அப்பன்களுக்கு மட்டும் உரியதில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இதைப் புரிந்துகொள்ளத் தானே உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7ல் கொடுத்த உத்தரவில், எங்களை 'மாற்றுகிற' வைத்தியத்துக்குத் தடை சொன்னார். நீதிபதி நாற்காலியில் இருப்பவர் எனக்குத் தெரியாது என்று எழுதி வைத்தாரே, அது சின்ன விஷயம் இல்லை.

சாதியையும் இதையும் ஒன்றாகப் பேசிய படங்களும் வந்துவிட்டன. 2021ல் நீரஜ் கேவான் எடுத்த 'கீலி புச்சி'யில் தொழிற்சாலையில் வேலைபார்க்கும் தலித் பெண் ஒரு பிராமணப் பெண்ணை நேசிக்கிறாள். காதல் சாதியை உருக்கிவிடும் என்ற பொய்யை அந்தப் படம் சொல்லவில்லை. 2022ல் பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' எங்களை மற்றக் காதலர்களோடு ஒரே மேடையில் உட்காரவைத்தது. ஆனால் எங்கள் காலனி அப்பனை, காலனி அம்மாவை வைத்து ஒரு சிரிப்புப் படம் இன்னும் என் கண்ணில் படவில்லை. எங்களை அழவைத்துத்தான் பார்க்கிறார்கள்.

கடைசியாகத் தோழர்களுக்கு ஒன்று. நமது கூட்டங்களில் எதிரியைத் திட்டும்போது மேடையில் என்ன சொல்கிறோம்? 'பொட்டப் பய', 'ஒம்போது', 'ஆம்பளையா இருந்தா வா'. நீலக்கொடி பிடித்துக்கொண்டு கீழே நின்று இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நான் கொடியை இறக்கவில்லை, அது என் கொடி. ஆனால் அந்தச் சிரிப்பு எந்தத் திசையில் பாய்ந்தது என்று யோசித்துப் பாருங்கள். மீசை முறுக்கி நம்மை அடித்தவனின் ஆண்மையையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு அவனை அளக்கிறோம். அந்தக் கோல் அவனுடையது. அதைக் கையில் எடுத்த நேரத்தில் அது நம்மையும் அளக்கும்.

நமக்குக் கட்டியக்காரன் இருக்கிறான். மேடைப் பேச்சாளர்கள் அவனிடம் பாடம் கேட்கலாம். கிரீடம் வைத்தவனைப் பார்த்துத்தான் அவன் கேட்பான், இடுப்பை ஆட்டி நடக்கிறவனைப் பார்த்து இல்லை: யார் நீ, எந்த ஊரு, இந்தக் கௌரவத்தை எவன் உழைப்புல வாங்கினே?